மகளுக்கு யூரோ அனுப்ப வங்கிக் கிளையா, ஆப்பா, கார்டா? எல்லாம் பயன்படுத்திப் பார்த்த ஒரு அப்பாவின் விமர்சனம்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குச் செலவுக்குப் பணம் அனுப்ப எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் கழியும், பிள்ளையின் கணக்கில் எத்தனை யூரோ விழும்? முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்தான் உங்களுக்கு ஒரு யூரோவின் விலை. "ஜீரோ கமிஷன்", "ஸ்டூடன்ட் ஆஃபர்", "உங்களுக்காக ஸ்பெஷல் ரேட்" என்பதெல்லாம் அந்த எண்ணைக் கண்ணில் படாமல் வைப்பதற்கான பேச்சு.

என் மகள் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊரில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள், நாங்கள் கரூர் பக்கம். அரசு வங்கிக் கிளை, தனியார் வங்கியின் நெட் பேங்கிங், பணம் அனுப்பும் ஆப், யூரோவை முன்கூட்டியே ஏற்றி வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டு என எல்லாவற்றிலும் அனுப்பிப் பார்த்தாயிற்று. யாருடைய பேரையும் போடப் போவதில்லை, ஏனென்றால் ஒரே வங்கியில் எங்கள் கிளை ஒரு மாதிரி இருக்கும், பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிளை வேறு மாதிரி இருக்கும்.

ஜெர்மனிக்கு அனுப்புகிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே மாதாமாதம் அனுப்பிக்கொள்ளலாம் என்ற பேச்சே ஆரம்பத்தில் கிடையாது. விசா வேண்டுமென்றால் பொதுவாக ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே 'பிளாக்டு அக்கவுண்ட்' என்கிற முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. பிள்ளை அங்கே போய் இறங்கிய பிறகு மாதம் 992 யூரோ வீதம் அவள் கைக்கு வரும். நம் பணம்தான், ஆனால் அவசரம் என்றாலும் கூடுதலாக எடுக்க முடியாது. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கிற காலத்தில் இது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய், ஒரே மூச்சில். இந்த இடத்தில்தான் வங்கி ரேட்டில் ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் பன்னிரண்டாயிரம் ரூபாய் போகும் என்பது உறைக்கும்.

சரி, வங்கிக் கிளைக்கு வருவோம். எங்கள் ஊர்க் கிளையில் கணக்கு வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது, நகைக் கடன் முதல் எல்லாம் அங்கேதான், அதனால் முதலில் அங்கேதான் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், டீ வந்தது. ஆனால் எல்லாக் கிளையாலும் அந்நியச் செலாவணி வேலை பார்க்க முடியாது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. வங்கிகள் இதற்கெனச் சில கிளைகளுக்கு மட்டும்தான் அதிகாரம் கொடுத்து வைத்திருக்கும், மற்ற கிளைகள் பேப்பரை வாங்கி அங்கே அனுப்பும். கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை என்று ஏற்றுமதி நடப்பதால் டவுனில் இருக்கிற கிளைகளுக்கு டாலரும் யூரோவும் அன்றாடச் சமாச்சாரம். எங்கள் ஊர்க் கிளைக்கு அது வருடத்துக்கு எப்போதாவது வரும் விருந்தாளி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பித் தருகிற ஏ2 படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனால் பேப்பர் அங்கே போய், திரும்பி வந்து, மறுபடி போகும். இதற்குள் ரேட் மாறிவிடும். அதனால் கிளை வழியாகத்தான் அனுப்பப் போகிறீர்கள் என்றால் நேரே ஃபாரெக்ஸ் டெஸ்க் இருக்கிற கிளைக்குப் போய்விடுங்கள். உங்கள் கணக்கு வேறு கிளையில் இருந்தாலும் அங்கே பேசிப் பார்க்கலாம்.

கேட்கிற பேப்பர்கள்: உங்கள் பான் கார்டு, பிள்ளையின் பாஸ்போர்ட், பல்கலைக்கழக அட்மிஷன் லெட்டர், விசா வந்திருந்தால் அதன் நகல், பணம் பெறும் கணக்கின் ஐபான் எண் (ஐரோப்பியக் கணக்கு எண்), ஸ்விஃப்ட் கோடு (அந்த வங்கியின் அடையாளக் குறியீடு). ஜெர்மன் ஐபானில் 22 எழுத்தும் எண்ணும் இருக்கும், கையால் எழுதாதீர்கள், பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள். முடக்கக் கணக்குக்கு அனுப்பும்போது அந்த நிறுவனம் ஒரு ரெஃபரன்ஸ் எண் தரும், அது ரிமார்க்ஸ் கட்டத்தில் இல்லையென்றால் பணம் போய்ச் சேர்ந்தும் யாருடையது என்று தெரியாமல் அங்கே உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் ஒருத்தர் அப்பா பெயர் போட்டிருப்பார், இன்னொருத்தர் காலியாக விட்டிருப்பார், வங்கிப் புத்தகத்தில் முன்னால் ஒரு எழுத்தும் புள்ளியும் மட்டும் இருக்கும். அனுப்புகிற படிவத்தில் பிள்ளையின் பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். "நம்ம பாப்பா பேரு எனக்குத் தெரியாதா சார்" என்று கிளார்க் தன் இஷ்டத்துக்கு டைப் செய்ததைத் திரையிலேயே பார்த்து நிறுத்தினேன்.

இப்போது முக்கியமான விஷயம், பர்பஸ் கோடு. வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எதற்காகப் போகிறது என்று ஒரு எண் உண்டு. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் கட்டணம், விடுதி வகையறாவுக்கு எஸ்0305. குடும்பப் பராமரிப்புக்கு எஸ்1301. கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "செலவுக்குத்தானே சார் அனுப்புறீங்க? அப்போ ஃபேமிலி மெயின்டனன்ஸ்தான் வரும். ஃபீஸ் கட்டுறதுக்குத்தான் எஜுகேஷன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படி விட்டால் கையைக் கடிக்கும். 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி ஒருவருடைய பான் எண்ணில் வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி பிடிக்கிற வரி, இல்லை. அதற்கு மேல் போன தொகைக்கு அந்த வருடம் படிப்பு என்றால் நூற்றுக்கு 5, குடும்பப் பராமரிப்பு என்றால் நூற்றுக்கு 20 பிடித்தார்கள். முடக்கக் கணக்குத் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். யூரோ 100 ரூபாய் என்றால் 11,90,400 ரூபாய். 10 லட்சம் போக மீதி 1,90,400. அந்த விகிதத்தில் படிப்பு என்றால் 9,520 ரூபாய், பராமரிப்பு என்றால் 38,080. இரண்டும் ஒரே மகளுக்கு, ஒரே கணக்குக்குப் போகிற பணம்!

வாடகையும் மளிகையும் படிப்பில் சேருமா என்று கேட்டால், சேரும். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூன் 30ஆம் தேதி வெளியிட்ட 10ஆம் எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: படிக்கப் போகிறவரின் பயண டிக்கெட், கல்வி நிறுவனத்துக்கான கட்டணம், அந்தப் படிப்புக்காக ஆகும் அன்றாடச் செலவு மூன்றுமே கல்விக் கணக்குதான். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஆபீசர் வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பர்பஸ் கோடு எண்ணை மாற்றினார். இந்த ஒரு விஷயத்துக்காகவே கிளையைவிட ஆன்லைனில் அனுப்புவது மேல் என்பேன், ஏனென்றால் அங்கே அந்த எண்ணை நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

டிசிஎஸ் என்பது போய்விடுகிற பணம் இல்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நம் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் ரீஃபண்ட் வரும். ஆனாலும் விசா நேரத்தில் கையிலிருக்கிற காசுக்கு அருமை வேறு. கல்விக் கடன் வாங்கி அந்தப் பணத்தை அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் சுத்தமாகக் கிடையாது, அது எத்தனை லட்சமானாலும் சரி, ஆனால் கடன் முறையான வங்கி அல்லது நிதி நிறுவனத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். மாமனார் கொடுத்த கடனெல்லாம் இதில் வராது. கடன் இல்லாதவர்களுக்கு இன்னொரு நேர்மையான வழி: 10 லட்சம் வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. அம்மா பெயரில் அவருடைய சொந்தப் பணம் இருந்து, பான் கார்டும் இருந்தால் பாதி அவர் கணக்கிலிருந்து போகலாம். நாங்கள் அப்படித்தான் பிரித்தோம். எல்ஆர்எஸ் என்கிற திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். அந்த உச்சத்தைப் பற்றி நம்மைப் போன்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி ரேட். கூகுளில் தெரிகிற விலை எந்த வங்கியிலும் கிடைக்காது. வங்கி தன் டிடி செல்லிங் ரேட்டில்தான் (வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு அது வைக்கிற விற்பனை விலை) விற்கும், அதற்குள்ளேயே அவர்கள் லாபம் இருக்கும். ரசீதில் கமிஷன் என்று 500 ரூபாய் காட்டிவிட்டு ரேட்டில் இரண்டு மூன்று ரூபாய் வைத்திருப்பார்கள். கணக்கு எளிதாக இருக்க, சந்தை விலை சரியாக 100 ரூபாய் என்றும் அனுப்ப வேண்டியது 1,000 யூரோ என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு வங்கி 102.50க்குத் தருகிறது, கமிஷன் 500, அதன் மேல் ஜிஎஸ்டி 90, பணத்தை மாற்றுவதற்கான ஜிஎஸ்டி தனியாக 182. மொத்தம் 1,03,272 ரூபாய். வழியில் இருக்கிற இடைத்தரகு வங்கி 15 யூரோ எடுத்துக்கொள்கிறது, பிள்ளைக்கு விழுவது 985. வகுத்தால் ஒரு யூரோ கிட்டத்தட்ட 104.85. இன்னொரு இடத்தில் ரேட் 100தான், ஆனால் கட்டணமும் வரியும் சேர்த்து 1,700 ரூபாய் என்று பளிச்சென்று காட்டுகிறார்கள், 1,000 யூரோவும் முழுசாகப் போகிறது. ஒரு யூரோ 101.70. கட்டணத்தை மட்டும் பார்க்கிறவர் முதலாவதைத்தான் மலிவு என்று எடுப்பார்.

அந்தப் பணமாற்ற ஜிஎஸ்டி எல்லாரும் பிடிப்பது, அதைப் பற்றி யாரிடமும் சண்டை போட வேண்டாம். ஒரு லட்ச ரூபாய்க்கு 180 ரூபாய், தொகை கூடக்கூட விகிதம் குறையும். 12 லட்சத்துக்கே ஆயிரத்துச் சொச்சம்தான். மற்றபடி ரேட்டைக் கேட்டுக் குறைக்கலாம். ஆம், பேரம் பேசலாம்! பெரிய தொகைக்கு, "நெட்டில் இன்ன ரேட் இருக்கிறது, உங்கள் மார்ஜின் எவ்வளவு" என்று நேராகக் கேட்டால் கிளையிலிருந்து ரேட் போடுகிற டிரெஷரி பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். எங்களுக்குக் குறைத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் போர்டில் போட்டிருந்த ரேட்டில்தான் போயிருக்கும். 2024-25இல் இந்தியாவிலிருந்து எல்ஆர்எஸ் வழியாகப் படிப்புக்கென்று போனது சுமார் 290 கோடி டாலர். அதில் நூற்றுக்கு ஒன்று மார்ஜின் என்று வைத்தாலே 2.9 கோடி டாலர் ஆகிறது, அவர்கள் ஏன் தாமாக முன்வந்து குறைக்கப் போகிறார்கள்.

இடையில் வெட்டு விழாமல் இருக்க ஸ்விஃப்ட் படிவத்தில் மூன்று எழுத்து ஒன்று இருக்கிறது: ஓ-யு-ஆர். அதாவது வழிச்செலவு எல்லாம் அனுப்புகிறவர் தலையில். எஸ்-எச்-ஏ என்று போட்டால் இடையிலுள்ள வங்கி தன் பங்கைப் பிள்ளையின் பணத்தில் எடுக்கும். முடக்கக் கணக்கில் 11,904 என்றால் 11,904 இருந்தே ஆக வேண்டும், 11,889 வந்தால் விசா வேலை நிற்கும், மிச்சம் 15 யூரோவுக்காக இன்னொரு முறை கமிஷன் கட்டி அனுப்ப வேண்டும். அதனால் ஓ-யு-ஆர் போட்டு, அதற்கும் மேல் ஒரு ஐம்பது யூரோ சேர்த்து அனுப்புங்கள்.

தனியார் வங்கியின் நெட் பேங்கிங்: வசதி என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து அனுப்பலாம், ஏ2 படிவம் திரையிலேயே, பேப்பர்களைப் படம் எடுத்து ஏற்றினால் போதும். ஆனால் ரேட்டில் பேரம் இல்லை. திரையில் என்ன காட்டுகிறதோ அதுதான், காட்டுவதும் நன்றாக இருக்காது. ஒரு தடவை பேப்பர் சரியில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். எது சரியில்லை என்று கஸ்டமர் கேரில் இருந்தவருக்கும் தெரியவில்லை, "டிக்கெட் ரைஸ் பண்ணியிருக்கோம் சார்" என்ற ஒரே பாட்டு. கிளையில் என்றால் மேஜைக்கு எதிரே ஒரு முகமாவது இருக்கும்.

ஆப் விஷயத்தில் ஆரம்பத்தில் எனக்குப் பயம்தான். பன்னிரண்டு லட்சத்தைப் போனில் அழுத்தி அனுப்ப மனசு வராது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இவையும் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற ஏதோ ஒரு வங்கியின் வழியாகத்தான் அனுப்புகின்றன, அதே ஏ2, அதே பான், அதே எல்ஆர்எஸ். வீடியோ கேஒய்சியில் பான் கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தது என்பதைத் தவிரக் குறையில்லை. நான் வைத்திருக்கிற ஆப் சந்தை விலையைக் காட்டி, கட்டணத்தைத் தனியே காட்டி, அங்கே எத்தனை யூரோ விழும் என்பதைக் கடைசி சென்ட் வரை முன்னாடியே சொல்கிறது. சொன்னபடி விழுகிறது. மகள் அங்கே போன பிறகு சிறு தொகைகள் அனுப்ப இதுதான். பெரிய தொகைக்கு ஆப்களில் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். வார இறுதியில் அனுப்பாதீர்கள், சந்தை மூடியிருக்கும் நேரத்தில் ரேட்டில் ஒரு பாதுகாப்புக்கென்று ஏற்றி வைக்கிறவர்கள் உண்டு. ஈஸ்டர் சமயத்தில் வெள்ளியும் திங்களும் ஐரோப்பாவில் வங்கிகளுக்கிடையே வழக்கமான யூரோப் பரிமாற்றம் நடக்காது.

மாதம் 992 வரும்போது சிறு தொகை எதற்கு என்று தோன்றும். முதல் மாதம்தான் எதற்கு என்று காட்டும். அங்கே போய் வீட்டு முகவரியைப் பதிவு செய்து, உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் முடக்கக் கணக்கிலிருந்து பணம் வர ஆரம்பிக்கும். அதற்குள் அறைக்கு முன்பணம் கேட்பார்கள், ஜெர்மன் சட்டப்படி அது மூன்று மாத வாடகை வரை இருக்கலாம். செமஸ்டர் கட்டணம், மருத்துவக் காப்பீடு, குளிருக்கு ஜாக்கெட் எல்லாம் அதே மாதம். அதனால் கையில் கொஞ்சம் யூரோ நோட்டும் மீதிக்கு ஃபாரெக்ஸ் கார்டும் கொடுத்தனுப்பினோம். நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரைதான் கொண்டுபோகலாம்.

அந்த ஃபாரெக்ஸ் கார்டு பற்றி: விற்கிறவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. கடையில் தேய்க்க நன்றாக இருக்கிறது, யூரோவில் ஏற்றி யூரோவில் செலவழித்தால் வெட்டு இல்லை. ஆனால் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கட்டணம், போலந்துக்கோ செக் குடியரசுக்கோ ஒரு நாள் போய் வந்தால் நாணயம் மாற்றிய வகையில் இன்னொரு கட்டணம். எல்லாவற்றையும்விட, கார்டை வைத்து வாடகை கட்ட முடியாது. ஜெர்மனியில் வீட்டுக்காரரும் காப்பீட்டு நிறுவனமும் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குத்தான் கேட்கிறார்கள். "அப்பா, இந்தக் கார்டு ரொட்டிக்கடைக்குத்தான் ஆகும், அங்கேயும் சில கடையில வாங்க மாட்டாங்க" என்றாள் மகள். ஆக முதல் மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் சாதாரண டெபிட் கார்டை அங்கே தேய்க்க விடாதீர்கள். மூன்றரை சதவீத மார்க்கப், அதன் மேல் ஜிஎஸ்டி என்று பல கார்டுகளில் நூற்றுக்கு நான்கைத் தாண்டிவிடும். மார்க்கப் இல்லாத கார்டுகளும் வந்திருக்கின்றன, ஆபத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. இன்னொன்று, படிக்கப் போன பிள்ளை அந்நியச் செலாவணிச் சட்டக் கணக்கில் என்ஆர்ஐ ஆகிவிடுகிறாள், ரிசர்வ் வங்கி இதை 2003லேயே தெளிவுபடுத்திவிட்டது. அவளுடைய இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்வதே இல்லை.

மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிற ஒரு வழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "எனக்கு இந்தியாவில் ரூபாய் வேண்டும், உனக்கு இங்கே யூரோ வேண்டும், உன் அப்பா என் அப்பாவுக்கு ஜிபே பண்ணட்டும், நான் உனக்கு இங்கே யூரோ தருகிறேன்." கட்டணமே இல்லை, கூகுள் ரேட், அஞ்சு நிமிடம். கேட்க அமிர்தமாக இருக்கும். எல்லை தாண்டாமலே பணம் எல்லை தாண்டுகிற இந்த வித்தை செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்துக்குத் தெரிந்ததுதான், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் உண்டியல் என்கிற பணச் சீட்டிலேயே வியாபாரம் நடத்தியவர்கள் அவர்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சிதம்பரம் செட்டியார்தான் 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை (ஐஓபி) காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். ஆனால் இன்று ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி இப்படிக் கைமாற்றுவது சட்டமீறல். சட்டத்தை விடுங்கள், எதிர்முனையில் இருப்பவன் மோசடிப் பணத்தைத் தள்ளிவிடுகிறவனாக இருந்தால் முடங்குவது பிள்ளையின் கணக்கு, அதுவும் விசாவை நம்பி அங்கே இருக்கிற பிள்ளை. வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூரில் பிள்ளை படிக்கிறவர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள். 2023 பிப்ரவரியில் யுபிஐயையும் அங்குள்ள அதே மாதிரியான பேநவ்வையும் இணைத்ததிலிருந்து போன் எண்ணுக்கே அனுப்பலாம். இங்கிருந்து அனுப்பும் வசதியோடு ஆரம்பத்திலேயே சேர்ந்த நான்கு வங்கிகளில் இரண்டு, இந்தியன் வங்கியும் ஐஓபியும், சென்னைக்காரர்கள். ஆரம்ப வரம்பு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். யூரோவுக்கு அப்படி ஒன்று வந்தால் இந்த விமர்சனத்துக்கே வேலை இருக்காது.

நாங்கள் இப்போது செய்வது: பெரிய தொகைக்கு டவுன் கிளையில் ரேட் பேசி, அன்றைக்கே ஆப்பில் என்ன காட்டுகிறது என்று பார்த்து, வகுத்து, குறைவான பக்கம் போவது. சிறு தொகைக்கு ஆப், யோசனையே இல்லை. எதில் அனுப்பினாலும் ஏ2 நகல், டெபிட் அட்வைஸ் (கணக்கில் கழித்ததற்கான ரசீது), டிசிஎஸ் பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழ் மூன்றையும் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். டிசிஎஸ் சான்றிதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு முடித்த பிறகுதான் வரும், தானாக அனுப்ப மாட்டார்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கான வரிப் பதிவில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று ஜூலைக்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள். ஏறாமல் இருந்தால் பிடித்த வங்கியிடமே போய் நிற்க வேண்டும், ஆடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்பா பணம் அனுப்பி அம்மாவின் பான் எண்ணைப் படிவத்தில் எழுதிவிட்டு, பிடித்த வரியை ஒருவர் கணக்கில் தேடிக்கொண்டிருக்கிற வீடு ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது.